சளி இல்லாத நாலு வாரம்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். முன்பு விளக்கிப் பார்த்தேன். மூக்குக்குள்ளிருந்து சுரண்டி எடுத்த தோல் துணுக்கை நுண்ணோக்கியின் கீழ் வைத்து வீடியோ எடுக்கிறோம், அதில் அசைவு எவ்வளவு என்று அளக்கிறோம் என்பேன். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் இப்படிச் சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் பாயாசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போனார். அதோடு விளக்குவதை விட்டேன்.

ஆனால் இங்கே கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். மூக்கின் உட்புறத் தோலில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் இருக்கின்றன. காற்றடிக்கும்போது லாலான் புல் சாய்ந்து நிமிர்வது போல அவை ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். நாம் மூச்சோடு இழுக்கிற தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து வெளியே தள்ளுவது அவைதான். அவை அசையாவிட்டால் சளி அங்கேயே தேங்கும். என் வேலை, அதிவேகக் கேமரா எடுத்த வீடியோவைப் பட ஆய்வு மென்பொருளில் திறந்து, இழைகள் இருக்கும் இடத்தில் கட்டம் போடுவது. மென்பொருளோடு ஒட்டவைத்த பிளக்-இன் ஒன்று அந்தக் கட்டத்துக்குள் ஒவ்வொரு புள்ளியும் எப்படி மங்கித் தெளிகிறது என்று பார்த்து, இழைகள் நொடிக்கு எத்தனை முறை அடிக்கின்றன என்று எண் கொடுக்கும். நன்றாக அடிக்கிற இடம் பச்சை, அசைவற்ற இடம் நீலம். இதைத்தான் காலையிலிருந்து மாலைவரை செய்கிறேன். சிரம்பானில் ரயில் ஏறி, பெரும்பாலும் நின்றுகொண்டே கோலாலம்பூர் போய், கட்டம் போட்டு, மறுபடி நின்றுகொண்டே வருகிறேன். வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைப் பார்த்தாலும் பருக்கைகள் அசைகிற மாதிரி இருக்கும்.

என் தங்கை லுக்குட் பக்கத்தில் எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருக்கிறாள். அத்தை மகனுக்கே கட்டிக் கொடுத்தோம். அவர் தோட்டத்தில் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். ஒரே மகள், எட்டு வயது. அந்தப் பிள்ளைக்குப் பிறந்த நாளிலிருந்து சளி. நான் மிகைப்படுத்தவில்லை. பிறந்த அன்றே மூச்சுத் திணறி சிரம்பான் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. அப்புறம் ஒழுகல், இருமல், காதில் சீழ், மறுபடி ஒழுகல். பள்ளிக்கூடத்தில் அதற்கு மூக்கொழுகி என்றே பெயர்.

இதற்கெல்லாம் காரணம் என் தங்கைதான் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாரும் முடிவுகட்டியிருந்தார்கள். தலைமை நீதிபதி அடுத்த வீட்டில் இருந்த அவளுடைய நாத்தனார். அத்தை மகள்தான், வெளியாள் இல்லை. அதனாலேயே வாய்க்குப் பூட்டும் இல்லை.

"எங்க வீட்டுல எத்தனை பிள்ளைங்க வளந்துச்சுங்க, ஒன்னுக்காச்சும் இந்த மாதிரி ஒழுகுனுச்சா? தலைக்கு ஊத்தி ஈரத்தோட விட்டா சளி புடிக்காம என்னா செய்யும்? பிள்ள வளக்கத் தெரியணும்லா" என்பார், தங்கை காதுபட.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தங்கை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். வாழைப்பழம் இல்லை, தயிர் இல்லை, ஐஸ் கச்சாங் இல்லை, மழையில்லை. சி ரூசா கடற்கரைக்குப் போனால் மற்றப் பிள்ளைகள் தண்ணீரில் கத்திக்கொண்டு கிடக்க, இது மட்டும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பாயில் உட்கார்ந்திருக்கும். அப்படியும் ஒழுகியது.

அடுத்த பிள்ளை எப்போது என்று கேட்பவர்களுக்கும் குறைவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோது நானும் கேட்டுவிட்டேன். தலை நிமிராமல் சொன்னாள்: "என்னாலதான் இதுக்கு இப்படின்னா, இன்னொன்னையும் பெத்து ஏன்க்கா கெடுக்கணும்? உன்னால இல்லன்னு யாராச்சும் ஒரு ஆளு சொல்லட்டும். அப்பறம் பாத்துக்கலாம்."

அடி பைத்தியமே என்று திட்டினேன். ஆனால் மடித்த துணியை அவள் மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

இந்த லேப்பில் சேர்ந்த சில மாதத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பிறவியிலேயே இழைகள் அசையாத பிள்ளைகள் உண்டு. டாக்டரிடம் பேசினேன். எங்கள் டாக்டர் சீனப் பெண்மணி, பேச்சில் மகா சிக்கனம். கூட்டி வா என்றார். உறவுக்காரி அளக்கலாமா என்று நானே கேட்டேன். லேப்பில் இருப்பதே நாங்கள் இருவர். மற்றவர் மலாய்க்காரப் பெண், என்னைவிட மூத்தவர், காக் என்று அக்கா முறையில்தான் கூப்பிடுவேன். எப்போதும்போல இருவரும் தனித்தனியாக அளக்க வேண்டும், வீடியோவை டாக்டரும் பார்ப்பார் என்று முடிவாயிற்று.

முதல் தடவை சிறு பிரஷ்ஷை மூக்குக்குள் விட்டதும் பிள்ளை டாக்டர் முகத்திலேயே தும்மியது. வீடியோவில் பார்த்தால் ஒரே குப்பை. சளிக் கட்டி, ரத்தத் துளி, பிய்ந்துபோன தோல். கட்டம் போட ஓர் இடம் கிடைக்கவில்லை. சளி பிடித்திருக்கும்போது யாருக்குமே இழைகள் பிய்ந்துபோகும், நல்ல பிள்ளையும் நோயாளி போலத் தெரியும். அதனால் லேப்பில் ஒரு விதி உண்டு. நாலு வாரம் தொடர்ந்து சளி இல்லாமல் இருந்த பிறகுதான் மாதிரி எடுக்க வேண்டும். அதைத் தங்கையிடம் சொன்னேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அக்கா, நாலு வாரம் இதுக்கு சளி இல்லன்னா நான் ஏன்க்கா இங்க வரேன்?"

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு வந்த கோபம் இன்னும் போகவில்லை. விதி சரியான விதிதான், கோபத்தை யார்மேல் காட்டுவது?

தங்கை அதைப் பரீட்சை மாதிரி எடுத்துக்கொண்டாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதை நிறுத்தினாள். திருவிழாவுக்குக் கோயில் பக்கம் போகவில்லை. ஜன்னலைச் சாத்தினாள், காற்றாடியை நிறுத்தினாள், சுடுதண்ணீரைத் தவிர வேறு தண்ணீரைத் தொடவிடவில்லை. இப்பவாச்சும் ஒழுங்கா பாக்குறாளே என்று நாத்தனார் சர்டிபிகேட் கொடுத்தார். தினமும் காலை நான் ரயிலில் நசுங்கிக்கொண்டு நிற்கும்போது போன் வரும்.

"அக்கா, இன்னைக்குத் தண்ணியாத்தான் வருது, மஞ்சளா இல்ல. இது கணக்குல சேருமா?"

"எவ்ளோ வருது?"

"ரெண்டு டிஷ்யூ. காலையில மட்டும்."

"கெட்டியா?"

"இல்லக்கா, முட்டை வெள்ளை மாதிரி."

பக்கத்தில் நெத்திலி போட்ட நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு நின்ற பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு வெட்கமெல்லாம் எப்போதோ போய்விட்டது. சில வாரம் நன்றாகப் போகும். திடீரென்று ஒரு நாள் மஞ்சளாக வரும். பரமபதத்தில் பாம்பு கடித்த மாதிரி மறுபடி முதல் கட்டம். அவள் குரல் கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும், இன்று பாம்புதான் என்று.

ஆறேழு மாதம் இப்படிப் போயிருக்கும். ஒரு நாள் உற்சாகமாகக் கூப்பிட்டாள். நாலு வாரம் ஆயிற்று, சுத்தமாகக் காய்ந்திருக்கிறது என்றாள். நம்பவும் முடியவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை. கூட்டிவந்தாள். மூக்கு உண்மையிலேயே காய்ந்துதான் இருந்தது. மாதிரி எடுத்தோம். வீடியோவில் முத்து முத்தாக வட்டத் துளிகள் மிதந்தன. இழைகள் ஒட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தன. காக் நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்து, இது என்ன எண்ணெய் என்று கேட்டார். நான் மாதிரிக் குப்பியின் மூடியைத் திறந்தேன். குப்பென்று அடித்தது, எங்கள் வீட்டில் எல்லா நோய்க்கும் தேய்க்கிற பச்சைத் தைலம்.

தங்கையை நடைவழியில் நிறுத்திக் கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு ஒப்புக்கொண்டாள். லுக்குட் கடையில் சளியைக் காயவைக்கிற மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். காலையில் புறப்படும்போது மூக்குக்குள் விரலை விட்டுத் தைலமும் தடவியிருக்கிறாள்.

"உனக்கு மூளை இருக்கா? உள்ளுக்குள்ள தைலத்தத் தடவுனா அந்த இழையெல்லாம் செத்துப்போயிடும்டி!"

"மூக்கு காஞ்சிருந்தாத்தான எடுத்துக்குவேன்றீங்க. நான் வேற என்னாதான்க்கா செய்யிறது?"

அழுதாள். சுற்றிலும் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். அவளை அழாதே என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை. பிள்ளை எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு, பசிக்கிறது என்றது. கீழே கேன்டீனில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தோம். அதைத் தின்றுகொண்டே இருமியது.

மறுநாள் டாக்டரின் அறைக்குப் போய்ப் பொரிந்து தள்ளிவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் போனேன். இந்தப் பிள்ளை கிழவியாகும்வரை காத்திருந்தாலும் நாலு வாரம் வராது, வராததுதான் நோய் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடினார். அந்த விதி குணமாகிற பிள்ளைகளுக்காக எழுதியது என்று மெதுவாகச் சொன்னார். இருப்பதில் நல்ல நாளாகப் பார்த்துக் கூட்டி வா, நிறைய எடுப்போம், பிய்யாத இடம் எங்காவது இருக்கும் என்றார்.

மூன்றாவது மாதிரியில் அப்படி இடம் கிடைத்தது. ஓரம் கிழியாமல், இழைகள் வரிசையாக நிற்கிற அழகான துண்டு. மாலை ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. கட்டம் போட்டுப் பிளக்-இன்னை ஓடவிட்டேன். திரை முழுக்கப் பச்சை. எண்ணும் நல்ல பிள்ளைகளுக்கு வருகிற எண். என்னையறியாமல் முருகா என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, சாதாரணச் சளிதான், என்றாவது ஒருநாள் சரியாகிவிடும்.

அந்தச் சந்தோஷம் நாற்காலியில் சாய்ந்து உட்காரும்வரைகூட நிற்கவில்லை. பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றால் பழி தங்கை தலையிலேயே நிற்கும். நாத்தனார் சொன்னதுதான் சரி என்றாகிவிடும். பச்சை வந்தால் அவள் ஆயுசுக்கும் குற்றவாளி, நீலம் வந்தால் பிள்ளை ஆயுசுக்கும் நோயாளி. எதை வேண்டிக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை. களைப்பு என்றால் அன்றைக்குத்தான் களைப்பு.

பிறகு வழக்கம்போல வீடியோவை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். எண் வந்தாலும் கண்ணால் பார்க்காமல் நாங்கள் எழுத மாட்டோம். இழைகள் சாயவில்லை, நிமிரவில்லை. விறைத்து நின்றன. ஆனால் மொத்தத் துண்டும் அதிர்ந்துகொண்டிருந்தது, லாரி போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்கிற மாதிரி. படத்தின் மூலையில் ஓர் அழுக்குத் துணுக்கு கிடந்தது. அதன்மேல் ஒரு கட்டம் போட்டு ஓடவிட்டேன். அதே எண் வந்தது. உயிரே இல்லாத தூசியும் நொடிக்கு அத்தனை அடி அடிப்பதாகப் பிளக்-இன் சொன்னது. அதைக் குறை சொல்லி என்ன செய்வது? அசைவு இருக்கிறதா என்று கேட்டோம், இருக்கிறது என்றது.

எழுந்து மேசையைத் தொட்டுப் பார்த்தேன். பின்புறச் சாமான் அறையில் ஏதோ பழுது பார்க்கிறார்கள் என்று சிறிய குளிர்பெட்டி ஒன்றை அந்த வாரம்தான் நுண்ணோக்கி மேசைக்கு அடியில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அது உறுமிக்கொண்டிருந்தது. அதன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். காக்கும் வந்து நின்றார். குப்பியில் மிச்சமிருந்ததை எடுத்து மறுபடி வீடியோ எடுத்தோம். கட்டம் போட்டேன். நீலம். அடுத்த துண்டு, அதுவும் நீலம். காக் தன் கம்ப்யூட்டரில் தனியாக அளந்து முடித்துவிட்டு, என் தோளில் கை வைத்தார். எனக்கு அவர் முடிவைக் கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அன்று ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்து அழுதேன், யார் பார்த்தால் எனக்கென்ன.

அதன்பிறகு ரத்தம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். பல மாதம் கழித்து அதுவும் வந்தது. டாக்டர் தங்கையையும் அவள் வீட்டுக்காரரையும் உட்காரவைத்துச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். இது பிறவியிலேயே வந்தது. முழுக்கக் குணமாக்க மருந்தில்லை. தினமும் முதுகைத் தட்டிச் சளியை வெளியே எடுக்க வேண்டும், தொற்று வந்தால் உடனே பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டால் படிக்கலாம், வேலைக்குப் போகலாம். அம்மாவிடம் பாதி, அப்பாவிடம் பாதி மறைந்து இருந்தது, பிள்ளையிடம் இரண்டும் சேர்ந்துவிட்டது. நீங்கள் சொந்தமா என்று கேட்டார். அத்தை மகன் என்று தங்கை சொன்னாள். அவள் வீட்டுக்காரர் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பச்சத் தண்ணியில குளிக்கிறதால இல்லியா?"

இல்லை, நீச்சல்கூட நல்லது என்றார் டாக்டர். வீட்டுக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பியதும் நாத்தனார் வாசலிலேயே நின்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். "எங்க வம்சத்துல அந்த மாதிரி யாருக்கும் இல்லலா" என்று ஆரம்பித்தார்.

"உங்க வம்சமும் எங்க வம்சமும் ஒன்னுதான் மதினி. உங்க அம்மா எங்க அப்பாவோட கூடப்பொறந்தவங்க" என்றேன். வாய் மூடியது. ஒரு வாரம்தான் மூடியிருந்தது, அது வேறு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது தங்கை முதுகு தட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தது அது. மெத்தையில் தலையணைகளை அடுக்கி, பிள்ளையைத் தலை தாழக் குப்புறப் படுக்கவைத்து, உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு பொத் பொத் என்று தட்ட வேண்டும். அவள் முகம் தெளிந்திருந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தைப் பார்க்கிறேன்.

"என்னால இல்லக்கா" என்றாள்.

"இல்ல. உன்னால இல்ல."

கொஞ்ச நேரம் தட்டினாள். "அப்ப இன்னொன்னு பெத்துக்கலாம்ல?"

அன்றைக்கு டாக்டர் அறையில் நான் சொன்னதில் பாதி அவள் காதில் ஏறவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அவள் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை, இல்லை என்கிற வார்த்தை. மறுபடி உட்கார்ந்து சொன்னேன். உன்கிட்ட பாதி, மச்சான்கிட்ட பாதி. பிறக்கிற பிள்ளைக்கு ரெண்டும் சேரலாம், சேராமலும் போகலாம். ஒவ்வொரு தடவையும் நாலுல ஒன்னு இப்படி ஆகலாம் என்றேன்.

அவள் கை ஓயவில்லை. மனத்துக்குள் எதையோ கூட்டிக் கழித்தாள். "அப்ப நாலுல மூணு நல்லாருக்கும்ல?"

நானும் கணக்குத் தெரிந்தவள்தான். ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பார்க்கலாம், டாக்டரிடம் தனியாகக் கேட்போம் என்று ஏதோ சொன்னேன். தலையணைக்குள்ளிருந்து பிள்ளை இருமி, டிஷ்யூவில் துப்பிவிட்டு, குப்புறப் படுத்தபடியே கேட்டது.

"நான்தான் அந்த ஒன்னா, பெரியம்மா?"

தங்கையின் கை அந்தரத்தில் நின்றது. வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை. பிள்ளை கொஞ்ச நேரம் காத்திருந்தது.

"ஏம்மா நிறுத்திட்ட? தட்டு."